மாவுக்கட்டும் கைக்கட்டும்

சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுச் செய்திகளில் ஒரே மாதிரியான படம் திரும்பத் திரும்ப வருகிறது. அரசு மருத்துவமனை பெஞ்சில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருப்பான். கையில் வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டு, சில சமயம் காலிலும். போலீஸைக் கண்டு ஓடும்போது பாலத்திலிருந்து குதித்தான் என்றோ, கழிவறையில் வழுக்கி விழுந்தான் என்றோ கீழே செய்தி இருக்கும். அதற்கும் கீழே நம்முடைய பின்னூட்டங்கள்: ‘சபாஷ்’, ‘இப்படித்தான் இருக்கணும்’, ‘ஒரு கைதானா?’ காவல் நிலையக் கழிவறை கைதானவர்களுக்கு மட்டும்தான் வழுக்குமா, போலீஸ்காரர்கள் யாரும் அங்கே விழுவதில்லையா என்று சென்னை உயர்நீதிமன்றமே 2025இல் கேட்டுவிட்டது. அதையும் படித்துச் சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

இந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு நம்பிக்கை கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. போலீஸின் கையைக் கட்டிப்போட்டுவிட்டார்கள் என்பதுதான் அது. மனித உரிமை என்று ஒரு கூட்டம், ஜாமீன் என்று ஒரு கூட்டம், வாய்தா மேல் வாய்தா போடும் நீதிமன்றம். இவற்றையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கையை அவிழ்த்துவிட்டால் ஒரே மாதத்தில் ஊர் அடங்கிவிடும். ஓய்வுபெற்ற அதிகாரி தொலைக்காட்சி விவாதத்தில் நாசூக்காகச் சொல்வதும், ‘நாலு பேரைச் சுட்டாத்தான் சார் அடங்குவானுங்க’ என்று ஆட்டோ ஓட்டுநர் பச்சையாகச் சொல்வதும் இதைத்தான். இப்படிச் சொல்கிறவர்களைக் கொடூரர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இரவுப் பணி முடிந்து மகள் வீடு வந்து சேரும்வரை வாசலில் நிற்கிறவர்கள் அவர்கள். அவர்களுடைய பயம் உண்மையானது. சொல்கிற மருந்துதான் பொய்.

கை கட்டியிருக்கிறது என்றால், கட்டு எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிப் பார்ப்போம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2001 முதல் 2020 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் காவலில் இறந்தவர்கள் 1,888 பேர். அதற்காகப் போலீஸார்மீது பதிவான வழக்குகள் 893. குற்றப்பத்திரிகை தாக்கலானது 358 பேர்மீது. தண்டனை பெற்றவர்கள் 26 பேர். மறுபடியும் சொல்கிறேன், 20 ஆண்டுகளில் 26 பேர். இது அரசே திரட்டி அரசே வெளியிட்ட கணக்கு. எந்த மனித உரிமை அமைப்பும் ஊதிப் பெருக்கியது அல்ல. இவ்வளவு பாதுகாப்பாக வேலை பார்க்கும் கைகளைக் ‘கட்டப்பட்ட கைகள்’ என்று சொல்ல நமக்குக் கூச்சம் வேண்டாமா?

தமிழ்நாட்டுக்கு வருவோம். குண்டர் சட்டம் என்று நாம் சுருக்கமாக அழைக்கும் 1982ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே இருக்கிறது. விசாரணை இல்லாமலே ஒருவரை ஓராண்டு சிறையில் வைக்கலாம். தடுப்புக் காவலை அள்ளி அள்ளிப் பயன்படுத்தும் மாநிலங்களில் நாம் முன்வரிசை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஆலைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள்மீது சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவல் துறையினர்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அதன்பின் யார் சிறைக்குப் போனார்கள்? கையைக் கட்டிய லட்சணம் இவ்வளவுதான்.

‘அது வேறு, நாங்கள் ரவுடிகளைச் சொல்கிறோம்’ என்பார்கள். சரி. சாத்தான்குளம் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் எந்த ஊர் ரவுடிகள்? 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரம் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. நான்கு நாளுக்குள் இருவரும் இறந்துபோனார்கள். தரையில் உருண்டு தாங்களே காயப்படுத்திக்கொண்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதப்பட்டது. ஓர் ஊரில் வழுக்கி விழுகிறார்கள், இன்னோர் ஊரில் உருளுகிறார்கள். அவிழ்த்துவிட்ட கை, ரவுடி யார், கடைக்காரர் யார் என்று நெற்றியைப் பார்த்துத் தரம் பிரிப்பதில்லை. செல்வாக்குள்ள ரவுடிமீது அது சுலபத்தில் விழுவதும் இல்லை. கேட்க ஆளில்லாதவன்மீதுதான் முதலில் விழும்.

எந்த வழக்குகளில் அதிகம் அடி விழுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நகை. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு முதனை கிராமத்து ராசாக்கண்ணு கொண்டுபோகப்பட்டது நகைத் திருட்டுப் புகாரில். அவர் திரும்பி வரவில்லை. ‘ஜெய் பீம்’ படத்தில் நாம் பார்த்து அழுதது அந்தக் கதையைத்தான். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமார் பிடிபட்டதும், கோயிலுக்கு வந்தவர்களின் காரிலிருந்து நகை காணாமல் போனது என்ற புகாரில்தான். இடையில் 32 ஆண்டுகள். அஜித்குமாரின் உடலில் 44 காயங்கள் என்பதை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சுட்டிக்காட்டியது. யார் உத்தரவில் தனிப்படை இந்த வழக்கைக் கையில் எடுத்தது என்று நீதிபதிகள் கேட்டார்கள். ஒருவர் மறைந்து நின்று கைபேசியில் எடுத்த காணொளி மட்டும் இல்லாதிருந்தால், அவருக்கும் ஏதாவது ஒரு கழிவறையோ வலிப்பு நோயோ எழுதப்பட்டிருக்கும்.

ஏன் நகை வழக்கில் அடி? இதற்குச் சட்டப் புத்தகத்திலேயே விடை இருக்கிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அந்த வாக்குமூலத்தைத் தொடர்ந்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்குக் காரணமான பகுதி மட்டும் செல்லும். 1872 சாட்சியச் சட்டத்தின் 27ஆவது பிரிவு இது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் 23ஆவது பிரிவுக்குள் அப்படியே குடியேறிவிட்டது. ஸ்டேஷன் மொழியில் இதற்கு ‘ரெக்கவரி’ என்று பெயர். பொருள் கிடைத்துவிட்டால் கேஸ் முடிந்தது. பொருளை எடுத்தவன் சொன்னால்தான் கிடைக்கும். சொல்ல வைக்க வேண்டும். மிச்சத்தை விளக்க வேண்டியதில்லை. எடுக்காதவன் எதைச் சொல்வான் என்ற கேள்வி அந்த அறையில் எழுவதே இல்லை.

போலீஸிடம் சொன்னது செல்லாது என்று எழுதியது வெள்ளைக்காரன். தன் போலீஸை அவனே நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் சென்னையில்தான் கிடைத்தது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு, அதன் அறிக்கை 1855இல் வந்தது. வரிப் பாக்கிக்காகக் குடியானவனின் விரல்களைக் கிட்டி போட்டு நெரித்ததும், திருட்டு வழக்கில் ஒப்புக்கொள்ள வைக்க அதே கிட்டியைப் போட்டதும் அதில் பதிவாகியிருக்கின்றன. அப்போது வரி வசூலும் போலீஸ் வேலையும் தாசில்தார் என்ற ஒரே ஆளின் கையில் இருந்தன. அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1849இலேயே சென்னையில் நஞ்சுகளைப் பரிசோதிக்கும் அரசு இரசாயன ஆய்வுக்கூடம் வந்துவிட்டது; இன்றைய தடய அறிவியல் துறைக்கு அதுதான் தாய்வீடு. ஆக, கிட்டி பற்றிய அறிக்கைக்கு முன்பே நம்மிடம் ஆய்வுக்கூடம் இருந்திருக்கிறது. 170 ஆண்டுகளுக்குப் பிறகும் நம் கை முதலில் எதை எடுக்கிறது?

அடித்தால் உண்மை வரும் என்பது கையை அவிழ்க்கச் சொல்பவர்களின் வாதத்துக்கு ஆணிவேர். 2017 செப்டம்பரில் குருகிராமில் ஒரு தனியார் பள்ளியின் கழிவறையில் 7 வயதுச் சிறுவன் கழுத்தறுபட்டுக் கிடந்தான். சில மணி நேரத்தில் மாநிலப் போலீஸ் பள்ளிப் பேருந்தின் நடத்துநரைப் பிடித்தது. ஊடகங்களுக்கு முன்னால் அவர் ஒப்புக்கொள்ளவும் செய்தார். நாடே தூக்கில் போடச் சொன்னது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போன பிறகு, கொலைக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தது. அதே பள்ளியின் மூத்த மாணவன் ஒருவன் பிடிபட்டான். நடத்துநரை நீதிமன்றம் விடுவித்தது. அவர் அன்று ‘தப்பி ஓட’ முயன்று சுடப்பட்டிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? இனிப்பு கொடுத்திருப்போம்.

கொடுத்தும் இருக்கிறோம். 2019 நவம்பர் 27 இரவு ஹைதராபாத் அருகே ஒரு பெண் கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பர் 6 அதிகாலையில், கைதாகிக் காவலில் இருந்த நான்கு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பாலத்தின் மேலிருந்து போலீஸார்மீது பூ தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், போலீஸ் சொன்ன மோதல் கதை நம்பத்தகுந்ததல்ல, வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள், 10 பேர்மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. செத்தவர்களில் மூவர் சிறார் என்றும் அது கண்டது. ஆனால் பூ தூவிய கூட்டம் இன்னொன்றையும் மறந்துபோனது. மகளைக் காணோம் என்று அன்றிரவே ஓடிவந்த குடும்பத்தை, ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று போலீஸார் அலைக்கழித்தார்கள். அதற்காக மூன்று பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அன்றிரவு போன நேரத்தைப் பற்றி அந்தத் தோட்டாக்களுக்குப் பிறகு யாரும் பேசவில்லை. என்கவுன்டரின் பெரிய பயனே அதுதான். வழக்கு முடிகிறதோ இல்லையோ, போலீஸின் தவறு பற்றிய பேச்சு முடிந்துவிடும்.

சென்னையில் 2024 ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒன்பது நாள் கழித்து, அந்த வழக்கில் பிடிபட்டு விசாரணைக் காவலில் இருந்த ஒருவர், ஆயுதத்தை எடுத்துத் தரக் கூட்டிச் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கியை எடுத்து அவர்தான் முதலில் சுட்டாராம். போலீஸ் சொல்வதையே முழுதாக நம்புவோம். அப்போதும், இந்தக் கொலைக்குப் பின்னால் யார் என்று நீதிமன்றத்தில் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாய் மூடிப்போனதே, அந்த நஷ்டம் யாருக்கு?

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இரண்டு வழக்குகளை வைக்கிறேன். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் தொடக்கத்தில் போலீஸ் செய்யாத தப்பில்லை. புகார் கொடுத்த பெண்ணின் அடையாளமே வெளியே போனது. ஆனால் வழக்கு கைமாறி, கைபேசிகளிலிருந்து மின்னணுச் சான்றுகள் மீட்கப்பட்டு, சாட்சிகளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தபின், 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. அடுத்தது, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பர் 23 இரவு மாணவிக்கு நடந்த கொடுமை. உயர்நீதிமன்றம் அமைத்த பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் குழு விசாரித்தது. 2025 ஜூன் 2 அன்று தீர்ப்பு: குறைந்தது 30 ஆண்டு வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை. ஆறு மாதம்கூட ஆகவில்லை. யாரையும் சுடவில்லை. இந்த இரண்டுக்கும் நாம் பூ தூவவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இருந்துகொண்டே இதைச் செய்ய முடிகிறது என்றால், மற்ற வழக்குகளில் ஏன் முடிவதில்லை? இங்கேதான் கட்டு பற்றிய பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. போலீஸின் கைகள் கட்டப்பட்டுத்தான் இருக்கின்றன. கயிற்றைப் பிடித்திருப்பவர் வேறு. அது மனித உரிமை வக்கீல் அல்ல.

ஒரு சாதாரணக் காவலரின் நாளைப் பாருங்கள். சி.எஸ்.டி.எஸ்.–காமன் காஸ் அமைப்புகளின் 2019 ஆய்வுப்படி இந்தியப் போலீஸார் சராசரியாக ஒரு நாளில் 14 மணி நேரம் வேலை செய்கிறார்கள். அதில் நிறைய பந்தோபஸ்துக்குப் போகிறது: அமைச்சர் வருகை, தேர்த் திருவிழா, கட்சி மாநாடு, கிரிக்கெட். புலனாய்வு என்பது மிச்ச நேரத்தில், தூக்கக் கண்ணோடு. கொலை நடந்த இடத்தில் தடயம் சேகரிக்க வேண்டிய இன்ஸ்பெக்டரே கொடிக்கம்பத் தகராறுக்கும் ஓட வேண்டும். தமிழ்நாட்டில் வார விடுமுறைக்கு 2021இல் அரசாணை வந்தது. கேட்டுப் பாருங்கள், ‘ஆர்டர் இருக்கு சார், ஆள்தான் இல்ல’ என்பார்கள். ஆள் எங்கே என்றால், சிலர் உயரதிகாரி வீட்டில் நாயை நடத்திக்கொண்டு போகிறார்கள். ஆர்டர்லி முறையை ஒழித்தது 1979இல். அதை உண்மையிலேயே ஒழியுங்கள் என்று உயர்நீதிமன்றம் 2022இல் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் இருசக்கர வாகனம் திருடுபோனது. புகார் கொடுத்தேன், சி.எஸ்.ஆர். சீட்டு ஒன்று கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் காப்பீடு கிடைக்காது என்று நாலைந்து தடவை நடந்தேன். கடைசியில் வயதான ஏட்டு ஒருவர் தணிந்த குரலில் சொன்னார்: ‘எஃப்.ஐ.ஆர். போட்டா இந்த மாசக் கணக்குல ஏறிடும் தம்பி. மேல கேப்பாங்க.’ புகார் வந்தால் வழக்குப் பதிய வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் பயந்தது சட்டத்துக்கு அல்ல, ‘மேலே’ இருப்பவருக்கு. வழக்கு குறைந்தால் பாராட்டும், கூடினால் மெமோவும் கொடுக்கும் துறையில் திருடனைத் தேடுவதைவிடத் திருட்டை மறைப்பது புத்திசாலித்தனம்.

அந்த ‘மேலே’க்கும் ஒரு மேலே உண்டு. முன்னாள் டி.ஜி.பி. பிரகாஷ் சிங் பத்தாண்டு நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று கொடுத்த தீர்ப்பு இதைத்தான் அவிழ்க்கப் பார்த்தது. அதிகாரிகளுக்கு இரண்டாண்டு நிலையான பதவிக்காலம், சட்டம் ஒழுங்கிலிருந்து புலனாய்வைப் பிரித்தல், போலீஸ்மீதான புகாரை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம். தமிழ்நாடு 2013இல் ஒரு சீர்திருத்தச் சட்டம் போட்டது. புகார் ஆணையத்துக்கு அதில் யார் தலைவர் தெரியுமா? உள்துறைச் செயலாளர். உறுப்பினராக டி.ஜி.பி. மாமியார் உடைத்தால் மண்சட்டி. தற்காலிக டி.ஜி.பி. என்ற பழக்கமே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. 2025 ஆகஸ்ட் 31இல் டி.ஜி.பி. ஓய்வு பெற்றதும் இங்கே வந்தவர் ‘பொறுப்பு’ டி.ஜி.பி. நாளைக்கே நாற்காலி போகலாம் என்றிருக்கும் அதிகாரி, ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் போன் செய்தால் என்ன செய்வார்? இதில் அ.தி.மு.க., தி.மு.க. என்று பேதம் பார்க்க ஒன்றுமில்லை. கயிற்றின் நுனி எந்தக் கைக்கு மாறினாலும் யாரும் அதை விட விரும்பியதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஜாமீன். கொலை செய்தவன் மூன்று மாதத்தில் வெளியே வந்து அடுத்த கொலை செய்கிறானே? செய்கிறான், மறுக்கவில்லை. ஆனால் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் அவனுடைய உரிமையாகிவிடுகிறது. அந்தக் கெடுவைத் தவறவிடுவது நீதிபதி அல்ல. சாட்சி பிறழ்வதும் பயத்தால்தான். சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டத்தை 2018இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. உங்கள் ஊரில் கொலையைப் பார்த்த ஒருவருக்கு அது பற்றி யாராவது சொல்லியிருக்கிறார்களா? நீதிமன்றங்களின் தாமதத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதிலும் ரிமாண்டுக்குக் கொண்டுவரப்பட்டவனை ஏறெடுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் நடுவர்களுக்கு நிச்சயமாக வாங்க மாட்டேன். சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் அப்படியொரு கையெழுத்தோடுதான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள்.

செய்ய வேண்டியதில் மந்திரம் ஏதுமில்லை. கொலை, கொள்ளை, பாலியல் வழக்குகளுக்குப் பந்தோபஸ்துக்கு இழுக்க முடியாத தனிப் புலனாய்வுப் பிரிவு ஒவ்வொரு உட்கோட்டத்திலும் வேண்டும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டம். அதற்கு நிபுணர்களை நியமிக்க வேண்டும், அதை அமல்படுத்தத் தந்த காலக்கெடுவை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. ‘ரெக்கவரி’யைக் காட்டினால் மட்டும் போதாது, அதற்கு முந்தைய விசாரணை முழுவதன் ஒளிப்பதிவும் இருந்தால்தான் நீதிமன்றம் ஏற்கும் என்று ஒரு வரி சட்டத்தில் சேர வேண்டும். இங்கிலாந்து 1984இல் விசாரணையை ஒலிப்பதிவு செய்யச் சட்டம் போட்டது. அடித்து வாங்கிய வாக்குமூலத்தால் ஆறு பேரை 16 ஆண்டு சிறையில் வைத்த பர்மிங்காம் வழக்கின் அவமானம் 1991இல் வெளிவந்த பிறகு விசாரிக்கும் முறையையே மாற்றிக்கொண்டது. இங்கேயும் ஸ்டேஷன் முழுக்கக் கேமரா வேண்டும், பதிவைப் பல மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரிலேயே உத்தரவு உண்டு. அதற்குச் சற்று முன் சாத்தான்குளத்தில் நடுவர் போய்ப் பார்த்தபோது, வன்தட்டில் இடம் தாராளமாக இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது.

ஜெயராஜும் பென்னிக்ஸும் அடிபட்ட இரவில் அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், பார்த்ததை நடுவரிடம் சொன்னார். சொன்னதில் கையெழுத்திட அவர் தயங்கினார்; உடன் வேலை பார்ப்பவர்களுக்குப் பயந்தார். போலீஸ்காரர்களிடமிருந்து ஒரு போலீஸ்காரருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.